கணவாய் கடந்த எண்ணெய்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில், சற்றே தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறந்துகொள்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இந்தத் திறப்பின் வழியே புகுந்துதான் தென்காசிச் சீமைக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. மலைமேல் பெய்யும் மழை சிற்றாறாகத் திரண்டு தேனருவி, செண்பகாதேவி அருவி, பேரருவி எனப் படிப்படியாக இறங்குகிறது. காற்று வந்த அதே வழியில் மனிதரும் சரக்கும் வழக்கங்களும் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தலையிலும் மேனியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளும் வழக்கம். இயற்கை அழகுப் பராமரிப்பு என்ற பெயரில் இன்று உலகெங்கும் பேசப்படும் இந்த எண்ணெயை, இரண்டு எண்ணெய் மரபுகள் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கும் இந்த எல்லை நிலத்தில் வைத்துப் பார்க்கும்போது அதன் வலிமையும் வரம்பும் ஒருசேரத் தெரிகின்றன.

செங்கோட்டை, திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியில் திருத்தியமைக்கப்பட்டபோது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள தென்காசியோ திருநெல்வேலியோடேயே இருந்து, 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இந்தச் சில மைல்களுக்குள்தான் இரண்டு குளியல் முறைகள் சந்திக்கின்றன. கிழக்கே, தமிழ்ச் சமவெளியில், எண்ணெய்க் குளியல் என்றாலே நல்லெண்ணெய்க் குளியல். அது வாரத்தில் நாள் குறித்துச் செய்வது, ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வகுக்கப்பட்டது, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ இட்டு, வெந்நீரில் முழுகி எழுவது, உடற்சூட்டைத் தணிப்பதைத் தன் நோக்கமாகச் சொல்லிக்கொள்வது. மேற்கே, கணவாய்க்கு அப்பால், எண்ணெய் அன்றாடத்தைச் சேர்ந்தது. காலையில் ஒரு கை தேங்காயெண்ணெயை உச்சியில் வைத்துத் தடவிக்கொண்டு குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுவது. தென்காசி வட்டார வீடுகள் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைக் கைவிடவில்லை. தலைவாரத் தேங்காயெண்ணெய், தலைமுழுக நல்லெண்ணெய் என்று வேலையைப் பிரித்துக்கொடுத்து இரண்டையும் வைத்துக்கொண்டன.

மருத்துவ மரபிலும் இந்தப் பிரிவினை தெளிவாக உள்ளது. ஆயுர்வேதத்தில் நல்லெண்ணெயில் மருந்துச் சரக்குகளைக் காய்ச்சி எடுப்பது தைலம் எனப்படும். அதே முறையில் தேங்காயெண்ணெயை அடிப்படையாகக் கொண்டு காய்ச்சுவதைக் கேரள வைத்தியர்கள் கேரம் என்பார்கள். அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லி முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் நீலிபிருங்காதி என்னும் கூந்தல் எண்ணெய் இன்றும் தைலமாகவும் கேரமாகவும் இரு வடிவங்களில் கிடைக்கிறது. சரக்கு ஒன்றாயிருக்க அடியெண்ணெய் மட்டும் மாறுகிறது என்பதே, முன்னோர் எண்ணெயை மருந்தைச் சுமந்து செல்லும் வெறும் ஊர்தியாகக் கருதவில்லை, அதற்கென ஒரு குணம் உண்டென்று கருதினார்கள் என்பதற்குச் சான்று.

சித்த மருத்துவத்தில் இதற்கு இன்னும் அழகான எடுத்துக்காட்டு வெட்பாலைத் தைலம். மலையடிவாரக் காடுகளிலும் வறண்ட மேடுகளிலும் வளரும் சிறு மரம் வெட்பாலை. அதன் இலையை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவதில்லை. கிள்ளிப் போட்டுத் தேங்காயெண்ணெயில் அமிழ்த்தி, பாத்திரத்தை நாள்கணக்கில் வெயிலில் வைப்பார்கள். வெயிலைக் கொண்டே பக்குவம் செய்யும் இம்முறைக்குச் சூரிய புடம் என்று பெயர். பச்சை இலையிலிருந்து சாறு இறங்க இறங்க, நிறமற்ற எண்ணெய் கருஞ்செம்மை ஏறி, ஒளிக்கு எதிரே பிடித்தால் ஆழ்ந்த ஊதாவாகத் தெரியும். காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸ் நோயாளிகளுக்கும், தோல் செதில் செதிலாக உதிரும் பிற நிலைகளுக்கும் சித்த மருத்துவர்கள் இதைப் பூசத் தருகிறார்கள். நல்லெண்ணெய் மரபு வலுவாயிருந்த தமிழ் வைத்தியமே, தோல் என்று வந்தபோது தேங்காயெண்ணெயை விரும்பி எடுத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

முதலில் சொன்ன பேரருவி விழும் குற்றாலத்துக்கு எண்ணெயோடு உள்ள உறவு கோயிலிலேயே தொடங்குகிறது. திருமாலாக நின்ற திருவுருவை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுகச் செய்தார் என்பது தலபுராணக் கதை. அந்த அழுத்தத்தால் இறைவனுக்கு உண்டான தலைவலி தீரவே மூலிகைத் தைலம் சார்த்தப்படுகிறது என்பது குற்றாலநாதர் கோயிலில் வழங்கும் விளக்கம். வடக்கே சற்றுத் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதத்தில் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு உற்சவம் நடைபெறுகிறது. தெய்வத்துக்குச் செய்வதைத் தமக்கும், தமக்குச் செய்துகொள்வதைத் தெய்வத்துக்கும் செய்து பார்த்த ஒரு சமூகத்தில், எண்ணெய் பூசுதல் அழகுக்கலைக்குள் அடங்கிவிடக்கூடிய செயலாக இருந்ததில்லை. அது ஒருவரை மற்றொருவர் பேணும் செயல். பிறந்த குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தடவி நீவிக் குளிப்பாட்டும் பாட்டியின் கை, அந்தப் பேணுதலின் மிகப் பழைய வடிவம்.

குழந்தைக்குத் தடவும் எண்ணெய் கடை எண்ணெய் அன்று. முற்றிய தேங்காயைத் துருவிப் பாலெடுத்து, அந்தப் பாலை உருளியில் ஊற்றிச் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால், நீர் வற்றி, கசடு பொன்னிறமாகச் சிவந்து அடியில் தங்க, மேலே தெளிந்த எண்ணெய் பிரியும். மலையாளத்தில் இதை உருக்கு வெளிச்செண்ணெய் என்பர். மற்றது கொப்பரை எண்ணெய். முற்றிய தேங்காய்ப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அந்த ஈரத்தை 6 விழுக்காட்டளவுக்கு வெயிலில் உலர்த்திக் குறைத்தால் கிடைப்பது கொப்பரை, அதன் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு எண்ணெய். உலர்த்துதல் அரைகுறையாகிப் பூஞ்சை பிடித்தால் எண்ணெயும் கெடும். அதனால் நல்ல எண்ணெயின் கதை செக்கில் தொடங்குவதில்லை, களத்தில் கொப்பரை காயும் வெயிலில் தொடங்குகிறது. மரச்செக்கு என்ற சொல்லுக்கு மட்டும் விலை கொடுப்பவர்கள் கொப்பரையைப் பற்றியும் கேட்கப் பழக வேண்டும்.

இந்த எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். சாரல் காலத்து இரவுகளிலும் மார்கழி விடியலிலும் மலையடிவார வீடுகளில் புட்டிக்குள் வெண்ணெய்போல் இறுகிக் கிடக்கும் எண்ணெயை வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ இளக்குவார்கள். உறைவதற்கும், கூந்தலுக்கு அது செய்யும் நன்மைக்கும் காரணம் ஒன்றே. எண்ணெய்கள் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் உள்ள அமிலங்கள் பெரும்பாலும் நீண்டவை, இடையில் வளைந்தவை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் குட்டையான, வளைவில்லாத நேர்ச்சங்கிலி. நேராக இருப்பதால் அச்சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு உறைகின்றன. குட்டையாகவும் நேராகவும் இருப்பதால் மயிரிழைக்குள் நுழையவும் முடிகிறது.

மயிரிழையின் அமைப்பை இங்கே விளக்கியாக வேண்டும். கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன ஒவ்வோர் இழைக்கும் வெளியே, ஓடு வேய்ந்த கூரையின் அடுக்கைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் உண்டு. உள்ளே வலிமை தரும் நார்த்தொகுதி உண்டு. இழை நீரில் நனையும்போது உறிஞ்சிப் பருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது. இப்படிப் பருத்துச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் செதில்கள் விளிம்பில் தூக்கிக்கொள்கின்றன. அப்போது சீப்போ துண்டோ முரட்டுக் கையோ பட்டால் அவை பெயர்ந்து உதிர்கின்றன, உள்ளிருக்கும் புரதமும் கசிந்து வெளியேறுகிறது. மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரேலேயும் மோஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, குளிப்பதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. கனிம எண்ணெய் என்பது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. அது இழையின் மேல் பளபளப்பாகப் படியும், உள்ளே செல்லாது. தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனமே இந்த ஆய்வைச் செய்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஆயினும் எண்ணெய் இழைக்குள் ஊடுருவும் என்ற செய்தி வேதியியல் காரணத்தோடு பொருந்தி நிற்கிறது.

இதனால் விளங்குவது, எண்ணெய் தலையில் ஒன்றை உண்டாக்குவதில்லை, இருப்பதை இழக்காமல் காக்கிறது என்பது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிரிழை உயிரற்றது. அதற்கு ஊட்டம் தர எந்த எண்ணெயாலும் இயலாது. தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனி 5 ஆண்டுகளுக்கு முன் தலையில் முளைத்தது. அத்தனை ஆண்டு வெயிலையும் நீரையும் சீப்பையும் தாங்கிய அந்த நுனி பிளவுபடாமல் இருந்தால்தான் கூந்தல் நீளமாகத் தெரியும். பழைய தலைமுறைப் பெண்களின் நீள்கூந்தல் எண்ணெயால் வளர்ந்தது என்பதைவிட எண்ணெயால் உடையாமல் நின்றது என்பதே சரி. பல்லாண்டு விடாமல் செய்த எளிய பேணுதலுக்குக் கிடைத்த பலன் அது. அதில் குறைத்து மதிக்க ஒன்றுமில்லை.

தோலின் கதையும் இதை ஒட்டியதே. தோலின் மேலடுக்கு உயிரணுக்களும் கொழுப்பும் சேர்ந்து கட்டிய தடுப்பு. அதன் வழியே உடலின் ஈரம் ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, தடுப்பு பழுதானால் இழப்பு மிகும், தோல் வறண்டு அரிக்கும். இத்துறையில் நல்ல ஆய்வுகள் தென்னை விளையும் இன்னொரு நாடான பிலிப்பைன்ஸிலிருந்து வந்துள்ளன. வறண்ட தோலுள்ள 34 பேரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, தேங்காயெண்ணெய் கனிம எண்ணெய்க்கு நிகராக ஈரம் காக்கிறது என்றது. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு கரப்பான் வகைத் தோலழற்சியுள்ள 117 குழந்தைகளை இரு பிரிவாக்கி 8 வாரம் கவனித்தது. நோயின் கடுமையைக் காட்டும் குறியீடு தேங்காயெண்ணெய் பூசியவர்களிடம் சுமார் 68 விழுக்காடும் கனிம எண்ணெய் பூசியவர்களிடம் சுமார் 38 விழுக்காடும் குறைந்திருந்தது. லாரிக் அமிலமும் அதிலிருந்து உண்டாகும் மோனோலாரினும் சில கிருமிகளை அடக்கக்கூடியவை என்பது இதற்குத் துணைநிற்கும் காரணம். பாட்டிமார் கைப்பழக்கத்தில் கண்டது ஆய்வகத்தில் அளவோடு உறுதிப்படுவதைக் காண்பது மகிழ்ச்சி தருகிறது. அந்த மகிழ்ச்சியில் அளவை மறந்துவிடக் கூடாது.

எல்லாத் தோலுக்கும் எல்லாத் தலைக்கும் இது பொருந்தாது. முகப்பரு வரும் இயல்புடைய எண்ணெய்ப் பசை முகத்தில் தேங்காயெண்ணெய் துளைகளை அடைக்கக்கூடும். மிகுந்த பொடுகும் தலையரிப்பும் உள்ளவர்கள் எண்ணெயை ஊறவைத்தால் தீரும் என்று நம்புவது பரவலான வழக்கம். ஆனால் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பு அமிலங்களை உண்டே வாழ்கிறது என்பதால், இரவெல்லாம் எண்ணெய் ஊறும் தலை அதற்கு விருந்தாகவும் ஆகலாம். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழைய பழக்கத்தை மருத்துவர்கள் கைவிடச் சொல்கிறார்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்தான அழற்சி உண்டாகும் என்பதால். மேனிக்குச் செய்யும் மற்ற நீவுதல்கள் தொடரலாம்.

குற்றாலக் கடைவீதியில் மூலிகைக் கூந்தல் எண்ணெய்கள் வரிசை வரிசையாக நிற்கும். கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் வெட்டிவேரும் இட்டுக் காய்ச்சிய எண்ணெயின் மணமும் குளிர்ச்சியும் உண்மையான இன்பங்கள். அவற்றை விற்பதிலும் வாங்குவதிலும் பிழையில்லை. வழுக்கையில் மயிர் முளைக்கும் என்ற வாக்குறுதிதான் பிழை. இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை, எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நிலைகளின் பட்டியல். அதில் வழுக்கையும் இளநரையும் புதுமயிர் வளர்ச்சியும் இடம்பெற்றுள்ளன. தலைமுடி கொத்தாக உதிர்பவருக்கு எண்ணெய்க் கடைக்கு முன் மருத்துவரே தேவை. இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, பெருங்காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு ஆகிய எதையும் எண்ணெய் தொடாது.

ஒரே திரவம் சமையற்கட்டிலும் கண்ணாடி முன்னும் இருப்பது சட்டத்தையும் நெடுநாள் குழப்பியது. சிறு புட்டிகளில் வரும் தூய தேங்காயெண்ணெய் உணவா, தலைக்கெண்ணெயா என்ற வரி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, 2024 டிசம்பர் 18 அன்று மூவர் அமர்வு, தலைக்கெண்ணெய் என்று குறிப்பிட்டு விற்கப்படாதவரை அது உணவெண்ணெயாகவே கருதப்படலாம் என்று முடிவு செய்தது. புட்டி சிறிதாக இருப்பதால் மட்டும் பொருளின் இயல்பு மாறாது என்ற அந்த முடிவு, இரண்டுக்கும் ஒரே எண்ணெயைப் புழங்கும் வீடுகளின் அறிவோடு ஒத்துப்போகிறது.

நீதிமன்றம் வேறொரு வகையிலும் குற்றாலத்து எண்ணெய்க்குள் நுழைந்தது. அருவிக்கரையில் துண்டை விரித்து அமர்ந்து, எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் உடம்பைக் கொடுத்து, பிறகு அருவியின் அடியில் போய் நின்று அந்த எண்ணெய் போகும்வரை நனைவது நெடுங்காலம் குற்றாலப் பயணத்தின் பாதி இன்பமாக இருந்தது. பிற்கால வாழ்வைக் குற்றாலத்தில் கழித்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதைப் பேச்சையும் அருவிக் குளியலையும் ஒரே விருந்தாகத் தம் நண்பர்களுக்குத் தந்தவர். குளியலை ஒரு கலையாகவே கருதிய அந்த ஊரில் எண்ணெய்க்கும் இடம் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் நூறு பேர் எண்ணெயோடு நின்ற இடத்தில் சாரல் காலத்து விடுமுறை நாளில் பல்லாயிரம் பேர் எண்ணெய், சோப்பு, ஷாம்பு உறைகளோடு நிற்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் அருவிகளில் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

மரபைக் காரணம் காட்டி இந்தத் தடையைக் குறை சொல்பவர்கள் உண்டு. தடை சரியானது. அருவியில் விழும் நீர் அங்கே முடிவதில்லை. அது சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, அணைக்கட்டுகளும் கால்வாய்களும் பிரித்துக்கொடுக்க வயல்களையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. எண்ணெய் நீரின் மேல் படலமாகப் பரவி, கீழே காற்று கரைவதைத் தடுக்கும். எண்ணெயைப் போக்கப் பயன்படும் சோப்பும் ஷாம்பும் மீனின் செவுளைத் தாக்கும். பாறையில் படிந்த எண்ணெய், அடுத்து வருபவரைச் சறுக்கி வீழ்த்தும். மரபின் நோக்கம் உடலைப் பேணுவது என்றால், அந்த உடல் குடிக்கும் நீரைக் கெடுத்துச் செய்யும் பேணுதலை மரபு என்று அழைக்க முடியாது.

மேலும், எண்ணெயின் பயன் அருவியை வேண்டி நிற்பதும் இல்லை. குளிப்பதற்கு முன் கூந்தலின் நுனிவரை தடவி விடுவதே மயிரிழைக்குப் பயன் தரும் என்பது மேலே சொன்ன ஆய்வின் வழி விளங்குகிறது. அதை வீட்டிலும் விடுதி அறையிலும் செய்யலாம். எனவே குற்றாலத்துக்கு வருபவர்கள் எண்ணெயை அறையிலேயே தேய்த்து, அறையிலேயே சீயக்காயிட்டு அலசிவிட்டு, வெறும் தலையோடு அருவிக்கு வர வேண்டும். அந்த அறைகளிலிருந்து வெளியேறும் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் மறுபடியும் சிற்றாற்றில் சேருமானால் வருபவர்களின் கட்டுப்பாட்டால் பாதிப் பயனே விளையும். விடுதிகளின் கழிவுநீரைச் சுத்திகரித்தபின்பே வெளியே விட வேண்டும் என்பதை அடுத்த சாரல் தொடங்குவதற்கு முன் மாவட்ட நிர்வாகமும் பேரூராட்சியும் உறுதிசெய்ய வேண்டும்.